தொட்டால் சாகாத ஆட்டம்

ராயபுரம் கடற்கரை மணலில் சடுகுடு ஆடி வளர்ந்தவன் நான். துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும், கப்பல்காரர்களோடு ரக்பி ஆட ஓர் ஆள் குறைகிறது என்று என்னை இழுத்துப் போனார்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடு, பின்னால் வருகிறவனுக்கு மட்டும் கொடு என்றார்கள். வேறெதுவும் சொல்லவில்லை.

ஆட்டம் தொடங்கியதும் ஒரு மாலுமியின் கை என் தோளில் பட்டது. நான் பந்தை மரியாதையாகத் தரையில் வைத்துவிட்டுக் கோட்டுக்கு வெளியே போய் நின்றேன். தொட்டால் அவுட்டு, எனக்குத் தெரிந்த சட்டம் அதுதான். மைதானமே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிரிக்காதவர் ஒருவர்தான், எங்கள் அணியில் ஆடிய மூட்டை தூக்கும் தொழிலாளி. "இன்னா மாமு, இந்த ஆட்டத்துல தொட்டா சாவ மாட்டே. உள்ள வா," என்று கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

ஆனாலும் தொடவிடாமல் நழுவும் பழக்கம் போகவில்லை. ஆள் நெருங்குவதற்குள் பந்து என் கையைவிட்டுப் போயிருக்கும். நல்லவேளை, அதை யாரும் திருத்தவில்லை. அந்தப் பழக்கத்தாலேயே ஆட்டத்தை நடத்துகிற நடு இடத்தைக் கொடுத்தார்கள். சில வருடங்களில் என்னையும் அந்த மூட்டை தூக்கும் தொழிலாளியையும் இந்திய அணியில் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

அங்கே நாலு பேர் ஒன்றாக என்மேல் விழுந்தார்கள். மூச்சே நின்றுபோனது. அவர்களைப் புரட்டித் தள்ளிவிட்டுக் கை நீட்டியவர் அவர்தான். சடுகுடுவில் அவுட்டானவனை மறுபடி களத்துக்குக் கூப்பிடுவது போலவே கூப்பிட்டார்:

"எய்ந்திரு மாமு, உனக்கு உசுரு வந்துடுச்சு."