இரவல் குரலில் முப்பத்தேழு சாவு

நான் முப்பத்தெட்டுப் படங்களில் செத்திருக்கிறேன். ஒன்றில்கூட இடைவேளையைத் தாண்டியதில்லை. சுவரொட்டியில் என் பெயர் ரெக்ஸ் ஹாலோவே. அமெரிக்கப் பெயர் இருந்தால்தான் கௌபாய் படத்துக்குக் கூட்டம் வரும் என்று தயாரிப்பாளர் சூட்டியது. பிறந்த பெயர் எர்சிலியோ ட்ராபுக்கி. ரோமில் டெஸ்டாச்சோ பேட்டை, இறைச்சிக் கூடத்தில் மாட்டுத் தொடை சுமந்தவரின் மகன். டெக்சாஸை நான் பார்த்ததே இல்லை. ஊருக்கு வெளியே இருந்த மணல் குவாரிதான் எனக்கு டெக்சாஸ்.

ஆள் ஆறடி இருப்பேன். குரல்தான் எண்ணெய் காணாத கதவு. ஆனால் அதனால் பிழைப்பு கெடவில்லை. எங்கள் படப்பிடிப்பில் யாரும் குரலைப் பதிவு செய்வதில்லை. எதிரே நிற்பவன் ஜெர்மன்காரன், பக்கத்தில் நிற்பவள் ஸ்பெயின்காரி, வசனமோ இன்னும் எழுதியே முடிந்திருக்காது. முகத்தில் கோபத்தைக் காட்டி "இருபத்தொன்று, இருபத்திரண்டு" என்று எண்ணினால் போதும். பிறகு டப்பிங் அறையில் பெலார்டி என்ற குள்ள மனிதர் என் வாய்க்குச் சிங்கக் குரல் கொடுப்பார். சந்தையில் கையெழுத்து வாங்கும் பெண்கள், நான் வாய் திறந்து நன்றி சொன்னதும் சந்தேகத்தோடு கையெழுத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

அப்பா என் படம் ஒன்றே ஒன்றுதான் பார்த்தார். வீட்டுக்கு வந்து, குடல் கறியைக் கிளறிக்கொண்டே சொன்னார்:

"பேரும் உன்னுது இல்ல, குரலும் உன்னுது இல்ல. அப்ப அது நீ இல்லடா. எவனோ செத்ததுக்கு நான் ஏன் டிக்கெட் எடுக்கணும்?"

சுருக்கென்று தைத்தது. 'அது என் பையன்' என்று ஒரு தடவை அவர் வாயால் சொல்லக் கேட்டுவிட வேண்டும். நாற்பது வயதுக்காரனுக்கு இருக்கக்கூடாத ஆசைதான். எனக்கு இருந்தது.

முப்பத்தெட்டாவது படத்தின் டப்பிங்கின்போது பெலார்டிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இயக்குநரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"சரி, உன் குரல்லயே செத்துத் தொலை," என்றார்.

திரையில், கொள்ளைக்காரனாக நான் சாகும் காட்சி ஓடியது. வசனம் மொத்தம் இரண்டு சொல்: "குதிரையைப் பாத்துக்க." படப்பிடிப்பன்று நானோ உணர்ச்சி மிகுதியில் ஒன்றிலிருந்து நாற்பது வரை எண்ணித் தொலைத்திருந்தேன். குதிரையைச் சொல்லி முடித்த பிறகும் திரையில் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

"எதையாவது பேசி வாயை ரொப்புய்யா," என்று இயக்குநர் கத்தினார்.

வேறெதுவும் தோன்றவில்லை. "அப்பா, கோவிச்சுக்காதப்பா. சுமை தூக்க என் முதுகு ஒத்துக்கல. இந்த வேலையாவது ஒழுங்கா செய்யலாம்னு பாத்தேன். இதுவும் வரலப்பா," என்று உளறினேன். திருப்பி எடுக்க நேரமில்லை. கொள்ளைக்காரனின் கடைசி வார்த்தையாக அதையே விட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். பேட்டையே கொட்டகையில் உட்கார்ந்து பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தது. ஆறடிக் கொள்ளைக்காரன் என் குரலில் வாயைத் திறந்ததும் கொட்டகை குலுங்கிச் சிரித்தது.

"ஐயோ பாவம், ஆட்டுக்குட்டியச் சுட்டுட்டாங்கப்பா," என்றான் பின்வரிசையில் ஒருவன்.

இருக்கைக்கு அடியில் இடம் இருந்திருந்தால் புகுந்திருப்பேன். அப்போது அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து, பின்பக்கம் திரும்பினார்.

"வாய மூடுங்கடா. சாகுறது என் பையன்."

நான் செத்து முடிக்கும்வரை அவர் உட்காரவில்லை.