முன்னுக்கு இடம் கிடக்கு

வீட்டு வளவில் கருவாடு புரட்டிக்கொண்டு நின்றபோது வவுனியாவிலிருந்து மருமகன் அழைத்தார்.

"மாமி, அப்பா போயிட்டார். நித்திரையிலேயே..."

கையில் இருந்த மீனை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னாள் மகள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் சம்பந்தியார் சண்முகராசா அண்ணை பொறுப்பார்.

அண்ணை தலை நரைக்கும்வரை பஸ் கொண்டக்டராக இருந்தவர். எங்கள் முல்லைத்தீவுக்கு எத்தனையோ தரம் வந்தவர், கடலைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. பஸ் நின்றால் ஒரு பிளேன்ரீ குடிப்பார், பிறகு திரும்பவும் பஸ். ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஞாயிறு எங்கள் படலையில் வந்து நின்றார்.

"தங்கச்சி, பஸ்ஸில போனால் ஊர் ஓடும். நடந்தால்தான் ஊர் நிக்கும். கடற்கரையால நாயாறு வரைக்கும் நடக்கப்போறன். நீங்களும் வாங்கோ."

"நான் கரைக்கு இறங்கிறதில்லை அண்ணை."

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பாத நாளிலிருந்து நான் ஈரமணலில் கால் வைக்கவில்லை. மீன் வாங்குவதும் ரோட்டில்தான். அது அண்ணைக்கும் தெரியும். அவர் வற்புறுத்தவில்லை.

"அப்ப நீங்கள் மேல, காய்ஞ்ச மணலில வாங்கோ. நான் தண்ணிப் பக்கம் வாறன். கத்திக் கதைப்பம்."

அப்படித்தான் நடந்தோம். "இந்தக் கொடி என்ன?" என்று அவர் கீழே நின்று கத்துவார். "அடம்பன்!" என்பேன். "இதென்ன இழுவை?" "ஆமை ஏறின தடம்!"

வழியில் கரைவலை இழுத்தார்கள். அண்ணையும் போய்க் கயிற்றைப் பிடித்தார். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் வானத்தைப் பார்த்து, "கெதியா இழுங்கோ, கச்சான் வரப்போகுது" என்றார். அண்ணை கயிற்றை விட்டுவிட்டுக் காசுக்குச் சட்டைப்பையைத் தடவினார்.

"எனக்கும் ஒரு சரை வாங்குங்கோ."

கயிறு பிடித்தவர்கள் மணலில் விழுந்து சிரித்தார்கள். "ஐயா, அது காத்து! வறுத்து விக்கிற கச்சான் கடலை இல்லை!"

கிட்டப் போய் நானும் சிரித்தேன். சிரித்து முடியத்தான் பார்க்கிறேன், அலை வந்து என் காலை நனைத்துவிட்டுப் போயிருக்கிறது. அண்ணையும் பார்த்தார். திரும்பவும் போய்க் கயிற்றைப் பிடித்தார்.

பிறகு ஞாயிறு தவறாமல் ஆட்களோடு வரத் தொடங்கினார். பழைய பயணிகள், அயலவர்கள், தர்மபுரத்தில் வயல் செய்யும் கமக்காரர்கள். களப்புத் தண்ணீரில் பூநாரை நிற்கும் இடம், கடல்தண்ணீரில் எரியும் வற்றாப்பளை அம்மன் விளக்குக்குத் தண்ணீர் எடுத்துச் சனம் நடக்கும் வழி, எங்கள் ஆட்கள் படகு தள்ளமுன் செபம் சொல்லும் குருசடி எல்லாம் நான் சொல்லவேண்டும். "கதை உங்கட, ரிக்கெற் கிழிக்கிறது நான்" என்பார். யாராவது பின்தங்கினால் கடைசியில் நின்று பழைய கொண்டக்டர் குரலை எடுப்பார்: "முன்னுக்குப் போங்கோ, முன்னுக்கு இடம் கிடக்கு!" அவ்வளவு பெரிய வெறுங்கரையில் அதைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. நடை முடிய எல்லாருக்கும் கடதாசியில் சுற்றின ஒவ்வொரு சரை கச்சான் கொடுப்பார்.

செத்தவீட்டில் மருமகன் கேட்டார், "மாமி, வாற ஞாயிறு நடைக்கு ஆக்களை மறிக்கட்டே?"

எனக்குப் பயமாக இருந்தது. அண்ணை இல்லாமல் அந்த மணலில் இறங்க என் கால் சம்மதிக்குமா? அண்ணையின் நடைப்பையை மருமகன் கொண்டுவந்து திறந்தார். உள்ளே ஞாயிறுக்கென்று கட்டிவைத்த கச்சான் சரைகள்.

"மறிக்கவேண்டாம் தம்பி. வரட்டும்."

வந்தார்கள். தாழம்பற்றைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். முதல் அடி வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. நான் செருப்பைக் கழற்றி ஈரமணலில் இறங்கினேன். தண்ணீர் வந்து காலைத் தொட்டது. திரும்பிப் பார்த்து, என் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"முன்னுக்குப் போங்கோ. முன்னுக்கு இடம் கிடக்கு."

யாரோ ஒருவர் அழுகையோடு சிரித்தார். பிறகு எல்லாரும் நடந்தார்கள். அன்றைக்குக் கச்சான் காற்றும் அடித்தது, அண்ணையின் சரையிலிருந்து நாங்கள் உடைத்துப் போட்ட கோதுகளை எல்லாம் கடலுக்குள் கொண்டுபோனது.

அண்ணை, நீங்கள் இறங்கும் இடம் வந்தது, இறங்கிவிட்டீர்கள். எங்களுக்கு இன்னும் கொஞ்சத் தூரம் கிடக்கிறது. நான் பின்னுக்கு நிற்கிறேன், ஒருவரையும் விட்டுவிட்டுப் போகமாட்டேன். போயிட்டு வாங்கோ.