ஒப்படைத்த மண்

மதினி ஒரு கைப்பிடி மண்ணை என் மூக்கருகே நீட்டிய அந்தக் காலை எனக்குள் இன்னும் அடங்கவில்லை. முந்தின நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. அலுவலகம் போக இஸ்திரிச் சட்டையில் நின்ற என்னை மறித்து, “மோந்து பாருங்க கொழுந்தனாரே” என்றாள். கறுப்பாக, பொருபொருவென்று, சிறு உருண்டைகளாக இருந்தது. நடுவே ஒரு மண்புழு, பிடிபட்ட கோபத்தில் நெளிந்தது. என்ன வாசனை அது? மழை என்று சொன்னால் போதவில்லை, காடு என்று சொன்னால் பொய்யாகிறது. சொல்லைத் தேடியே பிழைப்பவன் நான். இந்த ஒன்று மட்டும் இன்றுவரை சிக்கவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. சரோஜினி நகரில் அண்ணனுக்குத் தரைத்தளத்தில் அரசுக் குடியிருப்பு. ஓர் அறை, சமையலறை, பின்னால் சுவர் சூழ்ந்த ஒரு துண்டு நிலம். டெல்லியில் வேலை கிடைத்து வந்த நானும் அவர்களோடு ஒட்டிக்கொண்டேன். நிலம் என்று அதைச் சொல்வதே மரியாதைக்குத்தான். வீடு கட்டியவர்கள் மிஞ்சிய செங்கல்லையும் சுண்ணாம்பையும் அங்கேயே புதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கடப்பாரை போட்டால் பொறி பறக்கும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் குழம்பி நின்று, வெளிறிய ஓடாகக் காயும். மதினி தூத்துக்குடியில் உப்பளத்துக்கு அருகே வளர்ந்தவள். கல்யாணம் ஆகும்வரை ஒரு செடிகூட நட்டதில்லை. “எங்க ஊரு மண்ணுல உப்பாச்சும் வெளையும். இது ஒண்ணுக்கும் ஆகாத சவம்லா” என்று திட்டிக்கொண்டேதான் அதில் இறங்கினாள்.

முதல் குளிர்காலத்தில் எல்லோரையும்போல் யூரியா போட்டார்கள். தக்காளிச் செடி கண்ணைப் பறிக்கும் பச்சையில் எழுந்தது. இலைதான், காய் அபூர்வம். அடுத்த வருஷம் இலையும் இல்லை. மண் மட்டும் அதே ஓடு. “தூங்குறவன் வாயில சர்க்கரையக் கொட்டுனா எந்திரிச்சிருவானா? மொதல்ல அவனை எழுப்பணும்லா” என்றாள் மதினி. எப்படி எழுப்புவது என்று அவளுக்கும் தெரியாது.

டெல்லியில் மரங்கள் இலை உதிர்ப்பது மார்ச்சில். வேம்பும் அரசும் கொட்டித் தீர்க்கும். கூட்டுகிறவர்கள் குவித்துத் தீ வைப்பார்கள். காலனி முழுக்கப் புகை மூட்டம். அந்தத் தீக்குச்சிக்கு முன்னால் மதினி போய் நின்றாள். “பையா, ஜலாவோ மத்!” எரிக்காதே அண்ணா என்று. அவளுக்குச் சரளமாக வந்த முதல் இந்தி வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். பழைய போர்வையில் சருகைக் கட்டிவந்து நிலத்தின்மேல் பரப்பினாள். பக்கத்து எருமைத் தொழுவத்துச் சாணம், காய்கறித் தோல், எல்லாம் அதன்மேல். கொத்துவதை நிறுத்தினாள். தட்டப்பயறு விதைத்து, பூக்கும்போது அறுத்து அப்படியே போட்டாள். வேரைப் பிடுங்கவே மாட்டாள். ஜூன் மாத அனல்காற்றில் ஊரே வெந்து கிடக்கையில் சருகுக்கு அடியில் கைவிட்டால் குளிர்ந்திருக்கும். மாடிவீட்டுப் பஞ்சாபிப் பெண், குப்பையில் பாம்பு வரும் என்று மேலிருந்து இந்தியில் சத்தம் போட்டாள். மதினி தன் அரைகுறை இந்தியில் திருப்பிக் கொடுத்தாள்: “பயப்படாதீங்க பஹன்ஜி, பாம்புக்கு இன்னும் குவார்ட்டர்ஸ் அலாட் ஆகல.”

அப்படிச் சில மழைகள் போனபின் வந்ததுதான் அந்தக் கறுப்பு மண். கூடவே வந்தது அண்ணனின் பதவி உயர்வு. இன்னும் பெரிய வீடு, ராமகிருஷ்ணபுரத்தில், முதல் மாடி. “இன்னும் ஒரு மழை பொறுங்க. இப்பத்தான் தண்ணி உள்ள எறங்குது” என்று மதினி கேட்டுப்பார்த்தாள். வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் அடுத்த வீடு எப்போது வருமோ. வளரும் பிள்ளைகள், ஓர் அறை. அவளே இறங்கிவந்தாள். ஆனால் இந்த வீட்டுக்கு அடுத்துக் குடிவரப்போகும் பெண்ணைத் தேடிப் போய்ப் பேசி, சருகு மூடாக்கைக் கலைப்பதில்லை என்று வாக்கு வாங்கிவந்தாள். மண் பிழைத்தது என்று நானும் நம்பினேன்.

அண்ணன் அரசாங்கத்தின் பிள்ளை. காலி செய்கிறவர்கள் பல்பைக் கழற்றிக்கொண்டு போகிற காலத்தில், உடைந்த ஜன்னல் கண்ணாடியைத் தன் செலவில் மாற்றியவன். ஒப்படைக்கிற வீட்டில் ஒரு குறை இருக்கக் கூடாது. புது வீட்டில் பால் காய்ச்ச மதினி பிள்ளைகளோடு போயிருந்த காலையில் இரண்டு கூலியாட்களையும் ஒரு வண்டியையும் பிடித்துவந்து பின்கட்டைச் சுத்தம் செய்துவிட்டான். நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது மதினியும் அப்போதுதான் வாசலில் நுழைந்தாள். “ஏட்டி, பாத்தியா? கண்ணாடி மாதிரி இருக்கு!” அவளை மகிழ்விக்கிறோம் என்றே நினைத்திருக்கிறான், பாவி. சருகு, புழு, கறுப்பு, அனைத்தையும் மண்வெட்டி வழித்திருந்தது. வண்டி எந்தக் குப்பைமேட்டுக்குப் போனதோ. அடியில் அந்தப் பழைய வெள்ளை.

மதினி பார்த்தாள். “நல்லாருக்கு. உப்பளம் மாதிரி” என்றாள்.

சண்டை போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். போடவில்லை. மறுநாள் சாமான் ஏற்றினோம்.

இப்போது மண்ணைப் பையில் அடைத்து விற்கிறார்கள். இறந்த மண்ணை உயிர்ப்பிப்பது பற்றிக் கூட்டம் நடத்துகிறார்கள். போகிறேன், கடைசி வரிசையில் உட்கார்கிறேன், பாதியில் எழுந்துவிடுகிறேன். ஒரு விரல் கனத்துக்கு மண் உருவாக எத்தனை காலம் என்று விளக்குகிறார்கள். வழித்தெடுக்க எவ்வளவு நேரம் என்று கேட்க நாக்கு துடிக்கும். பால் பொங்குகிற நேரம், ஐயா. அவ்வளவுதான். நானும் எந்த வீட்டிலும் தரித்ததில்லை. வேர் இறங்குமுன் பெட்டி கட்டுகிறவன். எந்த மண்ணைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை?

புது வீட்டில் மதினி மண்ணைப் பற்றி வாய் திறக்கவேயில்லை. தொட்டி வைக்கலாமே என்றேன். “துணி காயப்போட எடம் வேணும்லா” என்றாள். கீழ்வீட்டு வங்காளிகளின் பின்கட்டு அதே மொட்டை வெள்ளையில் கிடந்தது. துணி உலர்த்தும்போதும் அந்தப் பக்கம் குனிந்து பார்க்கமாட்டாள்.

அடுத்த மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழே ஸ்கூட்டர் சத்தம். பின்சீட்டில் ஒரு கோணிமூட்டை, ஆளைவிடப் பெரிது. அண்ணன் தலை, சட்டை, காலர் எங்கும் வேப்பஞ்சருகு. மதினி பால்கனியிலிருந்து பார்த்தாள்.

“இது என்ன கூத்து? சர்க்கார் ஆபீசர் குப்பை அள்ளிட்டு வாராரு!”

“கீழ்வீட்டுல கேட்டாச்சுட்டி, சரின்னுட்டாங்க” என்றான் அண்ணன், மூச்சிரைக்க. பிறகு அண்ணாந்து பார்த்தான். “எங்க கொட்டணும்னு நீ வந்து சொல்லு.”

மதினி உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். செருப்புகூடப் போடாமல் படியிறங்கினாள்.