கடைசி வாங்கில் ஒரு தகப்பன்

"…ரெண்டும் ஒண்டுதானெண்டா, கடைசி வாங்கில இருந்து நானே பாத்திட்டுப் போறன் தங்கச்சி!"

வெள்ளவத்தையில் வணிக நிர்வாகப் பட்டம் படிப்பிக்கும் ஒரு தனியார் நிலையத்தில், அனுமதி மேசைப் பெண்ணிடம் இப்படிச் சொன்ன மனிதரை மறக்க முடியவில்லை. மகனைச் சேர்க்க வந்த நானும், நேரிலும் ஒன்லைனிலும் ஒரே நேரத்தில் நடந்த இலவச மாதிரி வகுப்பில், கடைசி வரிசை வாங்கில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்தேன். புடைவைக்கடைக்காரர். கையில் கிடைத்த விளம்பரத் தாளைக்கூடத் துணிபோல விரலிடையே தேய்த்துப் பார்த்தார்.

"மகள் வீட்டில இருந்து ஒன்லைன்ல படிக்கப் போறாவாம், வேலைக்கும் போகலாமாம். எனக்கெண்டா நம்பிக்கையில்லை. அங்கயிருந்து ஒரு கேள்வி கேக்கச் சொல்லியிருக்கிறன். சேர் அவவையும் கணக்கெடுத்துப் பதில் சொல்லுறாரோ எண்டு இங்கயிருந்து பாப்பம்."

"சாம்பிள் பாக்கிறீங்கள் போல!"

"பின்ன? நாள் முழுக்கச் சுவரோட கதைக்கவே பிள்ளையைப் படிக்க விடுறது?"

கொஞ்ச நேரத்தில், "சேர், ஒரு கேள்வி," என்றது ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல். விரிவுரையாளர் முன்வரிசைப் பிள்ளைகளோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். குரல் மறுபடி கேட்டது. அவர் திரும்பவேயில்லை.

சந்தேகம் பலித்த பெருமிதத்தைப் பக்கத்திலிருந்தவரின் முகத்தில் தேடினேன். முகம் வாடிப்போயிருந்தது. மெல்ல எழுந்து, பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையை உயர்த்தினார்.

"சேர், என்ர பிள்ளை கேக்கிறா."