இசாரிபியின் கடைசி எட்டு நிமிடம்

கிதாடே ஃபுமியேவின் படிப்பு தொழிற்பள்ளியோடு நின்றுவிட்டது. ஜப்பானின் கொமாத்சுவில் ஒரு நெசவாலையில் பதினோரு வருடம் தறிகளின் மின்பலகைகளைப் பழுது பார்த்தாள். ஆலையை மூடிய பிறகு கனசாவாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்ப உதவியாளர் வேலை கிடைத்தது. பேராசிரியர் மியாதேரா கட்டிய இசாரிபி என்ற சின்னச் செயற்கைக்கோளுக்குள் இருந்த ஒயர்களில் முக்கால்வாசி அவள் கையால் பற்றவைத்தவை.

இசாரிபி ஒரு அரிசிப் பானை அளவுதான். நான்கு பக்கமும் நான்கு படிகங்கள். காமா கதிர் பட்டால் அவை மினுங்கும். எங்கோ தொலைவில் இரண்டு செத்த விண்மீன்கள் மோதி ஒன்றாகும்போது, இரண்டு விநாடிகூட நீடிக்காத ஒரு காமா வெடிப்பு எழுந்து அடங்கும். அதன் தணல் சில மணி நேரம்தான் தெரியும். அதற்குள் எந்தத் திசை என்று உலகத்துத் தொலைநோக்கிகளுக்குச் சொல்லியாக வேண்டும். நான்கு படிகங்களில் எது அதிகம் மினுங்கியது, எது குறைவு என்று பார்த்துத்தான் திசையைக் கணக்கிடுவார்கள்.

போன மார்ச்சில் பணியில் இருந்தவள் ஃபுமியே. ஒரே ஒரு படிகத்தில் பெரிய மினுக்கம் வந்தது. மற்ற மூன்றிலும் ஏதோ இருப்பதுபோலப் பட்டது. நம்பி அறிவித்துவிட்டாள். பதின்மூன்று தொலைநோக்கிகள் தங்கள் வேலையை விட்டுவிட்டுத் திரும்பின. கடைசியில் அது அந்தப் படிகத்தைத் துளைத்துப் போன ஒரு துகள்! கூட்டத்தில் மியாதேரா எழுந்து மன்னிப்புக் கேட்டபோது, அவள் பின்வரிசையில் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

ஜனவரியில் இசாரிபியின் பாட்டரி சாகக் கிடந்தது. வெயிலில் மட்டும் விழித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, கனசாவாவுக்கு மேலே கடக்கும்போது, ஒரு வரி மட்டும் அனுப்பிவிட்டுப் போனது: வெடிப்பு, 0.31 விநாடி. படிகங்களின் முழுப்பதிவு அதன் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. அடுத்து தலைக்கு மேல் வரப்போவது பன்னிரண்டு ஐம்பத்து மூன்றுக்கு, எட்டு நிமிடத்துக்கு.

"அதுக்கப்புறம் நிழலுக்குள்ள போயிடும், கிதாடே சான்," என்றான் தொனோமுரா. குழுவின் இளம் ஆராய்ச்சியாளன். "இன்னும் ஒரு தடவைதான் நிழலைத் தாண்டும்; அடுத்ததை இந்த பாட்டரி தாங்காது. அவ்வளவுதான்னு நினைக்கிறேன்."

"அப்போ இந்த எட்டு நிமிஷம்தான் நமக்கு."

அந்த நேரம் பார்த்து, மொட்டைமாடியில் செயற்கைக்கோளை நோக்கித் திரும்ப வேண்டிய ஆன்டெனா அசையவில்லை. ராத்திரி முழுக்கப் பெய்த ஈரப்பனி மோட்டாரில் உறைந்து இறுகியிருந்தது. வெளியே இடி உருண்டது. கடலிலிருந்து வரும் குளிர்கால இடி, கட்டடத்தின் உச்சியைத் தேடி விழுவது.

"மாடிக்கு யாரும் போகக்கூடாது," என்றார் மியாதேரா. "ஒரு பதிவுக்காக உயிரை விடுவாங்களா? போனா போகட்டும்."

"உங்களுக்குப் போனா போகட்டும், சென்செய். எனக்குப் போகாது."

சென்செய் என்று ஆசிரியருக்குரிய மரியாதையோடு அழைக்கும் அவரிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை. தானே திகைத்துப்போனாள். அவர் வாயைத் திறப்பதற்குள் படியேறிவிட்டாள்.

பனியைச் சுரண்டினாள். மோட்டார் மசியவில்லை. மோட்டாரோடு பிணைத்திருந்த மறையைக் கழற்றி, கையாலேயே திருப்ப ஆன்டெனாக் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தாள். காதில் செருகிய தொலைபேசியில் தொனோமுரா கத்தினான்:

"வடமேற்கு! இன்னும் கொஞ்சம் வலது! ஐயோ, ரொம்பப் போயிட்டீங்க!"

"ஒழுங்கா சொல்லுடா! எனக்கு இங்க கண்ணே தெரியல!"

"வருது! முதல் படிகம் வந்துடுச்சு! அப்படியே மெதுவா மேல தூக்குங்க!"

மின்னல் வெட்டியது. ஃபுமியே கண்ணை மூடிக்கொண்டாள். கையை எடுக்கவில்லை. இரண்டாவது படிகம் வந்தது. மூன்றாவதும் வந்தது. நான்காவதின் நடுவில் தொனோமுராவின் குரல் நின்றது.

"என்னடா?"

"நின்னுபோச்சு, அக்கா." முதல் தடவையாக அக்கா என்றான். "இனி வராது."

கீழே வந்தபோது அவள் விரல்கள் வெளுத்து விறைத்திருந்தன. திரையில் மூன்று படிகங்களிலும் ஒரே கணத்தில் ஊசிபோல எழுந்த கோடு. மூன்றை வைத்துத் திசை சொன்னால், நீட்டிய கையை விரித்தால் மறையும் அளவு வானத்துக்குள் எங்கோ என்றுதான் சொல்ல முடியும்.

"நாலாவது இல்லாம எப்படி அனுப்பறது?" என்றார் மியாதேரா. "இன்னொரு மார்ச் வந்தா இந்தக் குழுவே இருக்காது."

"அன்னிக்கு ஒண்ணுலதான் இருந்துச்சு. இதுல மூணுலயும் இருக்கு. என் பேரைப் போட்டு அனுப்புங்க. தப்பாப் போனா நான் போயிடறேன்."

அவர் அறிவிப்பில் அவள் பெயரை எழுதினார். பிறகு அவள் பெயருக்கு மேலே தன் பெயரையும் எழுதி அனுப்பினார்.

ஹவாயில் மேகம். சிலியில் ஒரு தொலைநோக்கி அந்தப் பரப்பு முழுவதையும் படமெடுத்தது. ஆயிரக்கணக்கான புள்ளிகளில் எது புதிது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. மறுநாளும் ஒன்றுமில்லை. யாரோ ஒருவர், 'மறுபடியும் அதே குழுவா?' என்று எழுதியிருந்தார். ஃபுமியே சாப்பிடவில்லை. விலகல் கடிதத்தை எழுத உட்கார்ந்தாள். கட்டுப்போட்ட விரல்களுக்குப் பேனா பிடிபடவில்லை. அழுகைதான் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தொனோமுரா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான்.

"சூரியனுக்கு அந்தப் பக்கம் போயிட்டிருக்கிற ஒரு கலம் இருக்கில்ல? அதோட பதிவு இன்னிக்குத்தான் இறங்குச்சாம். அதுலயும் இருக்கு! அதே 0.31!"

இசாரிபிக்கும் அந்தக் கலத்துக்கும் வெடிப்பு வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டபோது, அந்தப் பெரிய பரப்பு ஒரு மெல்லிய கோடாகச் சுருங்கியது. செவ்வாய்க்கிழமை எடுத்த சிலிப் படத்தில், அந்தக் கோட்டின் மேல், ஒரு விண்மீன் மண்டலத்தின் ஓரமாக மங்கலாக ஒரு புள்ளி இருந்தது. புதன்கிழமைப் படத்தில் அது இல்லை. ஒரு நாள் பொறுத்து அறிவித்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

மியாதேரா அவள் முன்னால் வந்து நின்று, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்.

"சென்செய், நிமிருங்க. எல்லாரும் பாக்கறாங்க."

இசாரிபி அதன்பின் பேசவில்லை. ஃபுமியேவின் வலது கையில் இரண்டு விரல்களுக்கு உணர்வு திரும்பவில்லை. அடுத்த செயற்கைக்கோளுக்கான ஒயர்களை இப்போது இடது கையால் பற்றவைக்கப் பழகிக்கொண்டிருக்கிறாள்.