நியூ மார்க்கெட் கவருக்கு வைத்த பொட்டு

அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவே ஊர்த் தமிழர்கள் மத்தியில் வெங்கடாசலத்துக்குக் ‘காலி கவர்’ என்றொரு பட்டப்பெயர் உண்டு. அது அவருக்கும் தெரியும். கோபிசெட்டிபாளையத்துக்காரர், மருந்துக் கம்பெனி லேபில் மாத்திரைகளைச் சோதிக்கிற நல்ல வேலை, சாதுவான மனிதர். ஒரே ஒரு கோளாறுதான். நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கக் கடித உறைகளைக் கண்டால் கை நமநமக்கும்.

அந்த உறைகளில் ஸ்டாம்பைத் தனியாக ஒட்டியிருக்க மாட்டார்கள். உறையிலேயே புடைப்பாக அச்சடித்திருப்பார்கள். விவரம் தெரியாதவர்கள் அதைக் கத்தரித்து எடுத்துவிடுவார்கள். அப்படிக் கத்தரித்த துண்டைப் பார்த்தால் வெங்கடாசலத்துக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். அவருக்கு முழு உறை வேண்டும். ஸ்டாம்பைவிட அதன் மேல் விழுந்த தபால் முத்திரை முக்கியம்: எந்த ஊர், எந்தத் தேதி, என்ன நிறத்து மை. உள்ளே இருந்த கடிதத்தைப் பற்றி அவருக்கு அக்கறையே கிடையாது.

இதுதான் அவர் மனைவி மரகதத்துக்குப் பொறுக்காது. கடுதாசி இல்லாத கவரை உலகத்தில் யாராவது தேடிப் போய் வாங்குவார்களா என்று கேட்பாள். அவர் ஆல்பத்தைத் திறந்தால் அவளுக்கு அப்போதுதான் அடுப்பில் வேலை வரும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு கவரைக்கூட அவள் நின்று பார்த்ததில்லை. வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் வெங்கடாசலத்துக்கு அதில் நிறையவே வருத்தம்.

தொண்ணூற்றாறாம் வருஷ வசந்தத்தில், யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்ற ஒரு கராஜ் சேலில், உடைந்த டோஸ்டருக்குக் கீழே அவருக்கு அந்தக் கவர் கிடைத்தது. நியூ மார்க்கெட் என்ற ஊர்த் தபாலாபீஸிலிருந்து போனது. அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான் அந்த இடம். அந்தக் காலத்துச் சின்ன ஊர்த் தபாலாபீஸில் முத்திரைக் கட்டை இருக்காது. போஸ்ட் மாஸ்டரே ஊர் பேரையும் தேதியையும் பேனாவால் எழுதிவிடுவார். அந்தக் கையெழுத்து பழுப்பு மையில் பளிச்சென்று இருந்தது. வண்டியை எப்படி வீட்டுக்கு ஓட்டி வந்தார் என்பது அவருக்கே ஞாபகமில்லை.

லைப்ரரியில் கூடும் தபால்தலைக் கழகத்தில் அவர் பல வருஷமாகக் கடைசி வரிசை ஆசாமி. இந்தக் கவரைக் கண்டபின் அந்த அக்டோபர் கண்காட்சியில் அவருக்கும் கவர்ப் பக்கங்களை மாட்டிக் காட்ட ஒரு சட்டம் ஒதுக்கினார்கள். பரிசு கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் அவருக்கு வேண்டியது வேறு. மரகதம் அந்தச் சட்டத்தின் முன்னால் வந்து நிற்க வேண்டும், ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

கண்காட்சிக்கு முந்தின ஞாயிறு வீட்டில் சரஸ்வதி பூஜை. மகள் ரோஷினியின் அல்ஜீப்ரா புத்தகம், கால்குலேட்டர், ஃப்ளாப்பி டப்பா எல்லாம் பட்டுத் துணிமேல் ஏறின. மரகதம் கையை நீட்டினாள். “உங்க கவரையும் குடுங்க. எல்லாருதும் இருக்கறப்ப அது மட்டும் ஏன் தனியா கெடக்கோணும்?”

வெங்கடாசலம் உருகிவிட்டார். ஆல்பத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, வாழைப்பழம் வாங்க இந்தியக் கடைகள் இருக்கிற ஓக் ட்ரீ ரோட்டுக்குக் கிளம்பினார். மனிதர் வழியெல்லாம் சீட்டியடித்திருக்கிறார்.

திரும்பி வந்தால், புத்தக அடுக்கின் உச்சியில் நியூ மார்க்கெட் கவர் தன் பிளாஸ்டிக் உறையை விட்டு வெளியே வந்து உட்கார்ந்திருந்தது. இடது மேல் மூலையில் சந்தனம், அதன் நடுவில் எண்ணெயில் குழைத்த குங்குமம்.

“பிளாஸ்டிக் மேல வெச்சா பிளாஸ்டிக்குக்குத்தானுங்க சேரும். அதான் வெளிய எடுத்தேன். எழுத்து மேல படாம ஓரமாத்தான் வெச்சிருக்கறேன்” என்றாள் மரகதம்.

லேபாக இருந்தால் ஒரு நொடியில் துடைத்திருப்பார். ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக் கூடாது. ரோஷினி தமிழைப் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பெண். பேசாமல் துடைத்துவிடும்படி அப்பாவின் காதில் ஆங்கிலத்தில் ஓதினாள். அவர் கை மெல்ல நீண்டது. மரகதம் திரும்பிப் பார்த்தாள். நீண்ட கை அப்படியே சுண்டல் கிண்ணத்துக்குப் போய்விட்டது. அன்று முழுக்க அவர் எதிரே உட்கார்ந்து, எண்ணெய் காகிதத்தில் இறங்குவதைப் பார்த்தபடி சுண்டல் தின்றார்.

திங்கட்கிழமை சந்தனம் உதிர்ந்தது, சிவப்பு உதிரவில்லை. அதை எடுக்கிற திரவம் லேபில் இருந்தது. ஆனால் பழைய உறையில் விழுந்த குறியை அழிப்பது சேகரிப்பவர்கள் மத்தியில் பொய் சொல்வதற்குச் சமம். கவரை விட்டுவிட்டும் போகலாம். அப்படிப் போனால் ஏன் காணோம் என்று மரகதம் கேட்பாள், அப்புறம் ஆயுசுக்கும் இந்தப் பக்கம் திரும்ப மாட்டாள். மூன்று நாள் யோசித்துவிட்டு, கவருக்குக் கீழே வைக்கிற விவரச் சீட்டில் ஒரு வரி கூட்டி டைப் அடித்தார்.

சனிக்கிழமை நடுவர் பூதக்கண்ணாடியோடு வந்தார். நியூ மார்க்கெட் கவரின் மூலையையே வெகுநேரம் பார்த்தார். இந்தச் சிவப்பு மை எந்தத் தபாலாபீஸினுடையது என்று கேட்டார். வெங்கடாசலம் சீட்டைக் காட்டினார். முதல் வரியில் நியூ மார்க்கெட், போஸ்ட் மாஸ்டர் கையெழுத்து. இரண்டாவது வரியில்: பிஸ்கட்டவே, சரஸ்வதி பூஜை, 1996. சிவப்பு. கையால் இட்டவர் மரகதம் வெங்கடாசலம்.

நடுவர் சிரிக்கவில்லை. கையால் எழுதிய தபால் குறிகளிலேயே ஊறிப்போன ஆள் அவர். கறை என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். பரிசு ரிப்பன் போயிற்று. போகும்போது, இட்டவர் வந்திருக்கிறாரா என்று மட்டும் விசாரித்தார்.

வந்திருந்தாள். பட்டுச்சேலைக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு மரகதம் சட்டத்தின் முன்னால் நின்றாள். தன் பெயரை இரண்டு தடவை படித்தாள்.

“எம் பேரு எதுக்குங்க இதுல?”

“வெச்சது நீதானே. யாரு வெச்சாங்கன்னு எழுதோணும், அதுதான் ரூல்” என்றார் வெங்கடாசலம்.

மரகதம் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு கவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி முத்திரைகள் கோணலாக விழுந்திருப்பதையும், மை திட்டுத்திட்டாக இருப்பதையும் அவரிடம் குற்றமாகச் சொன்னாள். வெங்கடாசலம் அவள் பின்னாலேயே நகர்ந்தார்.

கடைசிக் கவரைப் பார்த்து முடித்து மரகதம் கண்ணாடியைக் கழற்றினாள்.

“அடுத்த வருசம் எதுக்கு வெக்கோணும்னு முன்னாடியே சொல்லீருங்க. நல்லா ரவுண்டா வெச்சுக் குடுக்கறேன்.”

வெங்கடாசலம் சரி என்றார்.