பொன்னேரி பஸ்

ஐம்பதுகளின் நடுவில், டீச்சர் டிரெயினிங் முடித்த கையோடு, திருவள்ளூர்ப் பக்கத்து ஆரணியில் பெண்களுக்கான மத்தியான வகுப்பு ஒன்றை என்னிடம் ஒப்படைத்தார்கள். வயல்வேலை முடித்த பெண்களும் கடைக்காரர் வீட்டுப் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து அ, ஆ எழுதினார்கள். ஒருவர் மட்டும் வாசலில் நின்றே பார்த்துவிட்டுப் போவார். முப்பது வயதிருக்கும். பேச்சு மெதுவாக வரும். கேட்டது உடனே புரியாது. அண்ணன் வீட்டில் நெல் காயவைப்பதும் மாடு கழுவுவதும் அவர் வேலை. ஊர் அவரை 'அது' என்றது. நான் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

மறுநாளே அண்ணன் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "அதுக்கு இன்னா தெரியும் டீச்சரம்மா? உங்களுக்குத்தான் பேஜாரு," என்றார். பேஜாரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

பேஜாராகத்தான் இருந்தது. இன்று சொன்ன எழுத்து நாளைக்கு இருக்காது. அம்மா, ஆடு, இலை என்று மாதக்கணக்கில் சொல்லியும் ஒன்றும் ஒட்டவில்லை. திருவள்ளூரிலிருந்து மேற்பார்வைக்கு வந்த அதிகாரி, படிக்க முடிந்தவர்களுக்குத்தான் வகுப்பு, இவரை நிறுத்திவிடுங்கள் என்றார். அந்தப் பெண்ணின் காதுபடவே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவங்களை நிறுத்தினா நானும் நின்னுடுவேன் சார். வேற டீச்சரைப் பார்த்துக்கோங்க," என்றேன். கொடுத்த மோரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அன்றுதான் புத்தகத்தை மூடிவிட்டு, உங்களுக்கு எதைப் படிக்க ஆசை என்று அந்தப் பெண்ணிடமே கேட்டேன். வெகுநேரம் யோசித்து, "அக்கா ஊரு," என்றார். அக்காவைப் பொன்னேரியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். யாராவது கூட்டிப்போனால்தான் உண்டு, யாரும் கூட்டிப்போவதில்லை.

அதன்பிறகு பொன்னேரி என்ற ஒரே சொல்தான். மணலில் விரலால் எழுதினோம், தரையில் கரியால் எழுதினோம். 'ன்' மேல் புள்ளி வைக்க மறந்துகொண்டே இருந்தார். ஒருநாள் மறக்கவில்லை.

பஸ் நிற்கும் இடத்துக்கு அழைத்துப்போனேன். பஸ்ஸின் பலகையில் பெயின்ட் எழுத்து வேறு மாதிரி வளைந்திருந்தது. அவர் முகம் சுருங்கியது. கண்டக்டர் இரக்கப்பட்டு, ஏறும்மா, எங்கே போகணும், நான் சொல்றேன் என்றார். இவர் நகரவில்லை.

"நீ சொல்லாதே. நான் படிச்சிக்கினு ஏறறேன்."

டிரைவர் ஹாரன் அடித்தார். டீக்கடையில் சிலர் சிரித்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒவ்வோர் எழுத்தாகக் காற்றில் விரலால் வரைந்து, கடைசியில் சத்தமாகப் படித்தார். கூடப் போகலாம் என்று நானும் படியில் கால் வைத்தேன். கையை நீட்டித் தடுத்தார்.

"நீ வாணாம் டீச்சர்."

சாயங்காலம் அண்ணன் வந்து சத்தம் போட்டார். வழி தவறினால் யார் பதில் சொல்வது என்றார். எனக்கும் அதே பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை. படித்துப் பார்த்துத்தான் ஏறினார், போய்ச் சேர்ந்திருப்பார் என்றேன். மறுநாள் அக்காவோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். அக்கா அண்ணனிடம் என்ன பேசினாரோ, அப்புறம் தங்கை போய்வருவதை யாரும் தடுக்கவில்லை.

முதல் பாடப் புத்தகத்தை அவர் கடைசிவரை முடிக்கவில்லை. தேறாதவர் என்றே அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதிக்கொள்ளட்டும். பொன்னேரி போய்வந்த சில நாளில் இவர், தன்னைப் போலவே வீட்டுக்குள் வைத்திருந்த இன்னொரு பெண்ணைக் கைப்பிடித்து வகுப்புக்கு அழைத்துவந்தார். பின்னாலேயே அந்த வீட்டார் திரும்பக் கூட்டிப்போக வந்து நின்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் இவரே எழுந்து அவர்கள் முன்னால் போய் நின்றார்.

"அவ வருவா," என்றார்.